போலந்து போய் வந்த பெட்டி

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. குழம்பு கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியில் அவித்த கிழங்கு வரும். கிழங்கு போன கடகத்தில் முருங்கைக்காய் வரும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பத்துக் கட்டளையிலும் இது இல்லை. பத்துக் கட்டளையில் ஒன்றிரண்டை மீறினவர்கள் எங்கள் தெருவில் உண்டு. இதை மீறினவர்கள் இல்லை.

நாங்கள் பாட்டுக்கு இப்படி இருந்துகொண்டிருந்தபோதுதான், எங்கள் ஓலைப்பெட்டி ஒரு கைவினைப் பொருள் என்பதை அரசாங்கம் கண்டுபிடித்தது.

புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. பீச் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் 'கடல் கடந்த கைவினை நல்லுறவு அலுவலகம்' என்று போர்டு மாட்டினார்கள். பெயர் நீளமாகப் போய்விட்டதால் 'நல்லுறவு' வரைக்கும்தான் சுவர் இருந்தது. 'அலுவலகம்' பக்கத்து சைக்கிள் கடைக்கு மேலே போய்விட்டது. அதைப் பார்த்து சைக்கிள் கடையில் மனு கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சிலருக்குக் காரியம் நடந்தது என்றும் கேள்வி.

அந்த அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்தவர் மதுசூதனன். ஆழ்வார்திருநகரிக்காரர், தங்கமான மனுஷர். வெங்காயம்கூட வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அவரைக் கொண்டுவந்து கருவாட்டுக் கடைக்கு நேர் மேலே உட்கார வைத்ததுதான் அந்த அலுவலகம் செய்த முதல் நல்லுறவு.

அவர் ஒருநாள் பியூன் அய்யாக்குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். போலந்து தேசத்துக்கு நம் பக்கத்துப் பெட்டி ஒன்று போக வேண்டுமாம். அங்கிருந்து ஒரு கூடை இங்கே வர வேண்டுமாம். இரண்டையும் இரண்டு தேசத்து ஜனங்களும் பார்த்து ஆச்சரியப்பட்ட பிறகு, அவரவர் சாமான் அவரவருக்கு.

எங்கள் தெருவில் பெட்டி முடைகிறவள் என்றால் பிலோமிதான். என் வீட்டுக்கு அடுத்த சுவர். ஒரு டஜன் பெட்டிகளை எடுத்து வாசலில் பரப்பினாள். மதுசூதனன் எதையும் பார்க்கவில்லை. உள்ளே மாதா படத்துக்குக் கீழே இருந்த ஒரே ஒரு பெட்டியைக் காட்டினார். குருத்தோலையில் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றி, மூடியில் குருசும் நட்சத்திரமும் போட்டு முடைந்த பெட்டி.

"அம்மா, அதுதான் வேணும்."

"அது மட்டும் வேண்டாம் சார். எம்மவ பிளாரன்ஸுக்குக் கூறைச்சேலை வைக்க முடைஞ்சது. மாதா திருநாள்ல சாமியாரு மந்திரிச்சுக் குடுத்தது. வேற எத்தனைன்னாலும் தாரேன்."

"விற்கறதுக்காகச் செய்தால் அது வியாபாரம். தரமாட்டேன்னு சொன்னால்தான் பாரம்பரியம். உத்தரவு அப்படி."

"மூணு ராஜாக்கள் திருநாள் கழிஞ்சதும் கல்யாணம் சார்."

"அதற்கு முன்னால் பெட்டி உங்கள் கையில் இருக்கும். இது அரசாங்கத்தின் வாக்கு."

அரசாங்கம் நேரில் வந்து கைகூப்பி நிற்கும்போது பிலோமியால் மறுக்க முடியவில்லை. மறுநாள் காலை பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஏளா, வெறும் பெட்டியாவா அனுப்புத? அந்நிய தேசம்லா?" என்றேன்.

"நானும் அதத்தான் அக்கா யோசிக்கேன்," என்றாள். அவள் வீட்டுக்காரர் பிடித்து வந்து, அவளே உப்புப் போட்டுக் காயவைத்த சீலாக் கருவாட்டில் நல்லதாகப் பார்த்து உள்ளே வைத்து மூடினாள். அலுவலகத்தில் யாரும் மூடியைத் திறக்கவில்லை. திறந்து பார்ப்பது வேறு பிரிவாம். அரக்கு உருக்கி முத்திரை வைத்து, 'உள்ளிருப்பது: கைவினை' என்று எழுதி, கப்பலில் ஏற்றினார்கள்.

போலந்தில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். பெரிய மண்டபத்தில், பெரிய மனுஷர்கள் முன்னிலையில் மூடியைத் திறந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் ஒரே ஒரு அம்மாதான் மிச்சம். அவர் பெயர் யத்விகா. பிரம்பு மாதிரி ஒரு குச்சியில் கூடை முடைகிறவர். அந்தக் கருவாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், உருளைக்கிழங்கு போட்டு அவித்துச் சாப்பிட்டாராம். அவர்கள் ஊரிலும் நம்மைப்போல் வேதக்காரர்கள். பாஸ்கா என்ற ஈஸ்டர் திருநாளுக்கு ஒரு கூடையில் ரொட்டியும் முட்டையும் இறைச்சியும் வைத்துக் கோவிலில் மந்திரித்து வாங்குவார்களாம். வெறுங்கூடையோடு கோவிலுக்குப் போகிறவள் அந்த ஊரில் இல்லை. ஆகவே யத்விகா பிலோமியின் பெட்டியில் புகை போட்ட பன்றி இறைச்சியையும், பூ வரைந்த மர முட்டைகளையும் வைத்து, பரிவர்த்தனைக்கு வந்த கைவினைஞர் என்ற முறையில் தன் கூடையோடு தானே நேரில் கொண்டுவந்துவிட்டார்.

வரவேற்பு அலுவலக மாடியில் நடந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பியிருந்தார்கள். அவருக்கு ருஷ்ய மொழிதான் தெரியும். அந்தப் பக்கம்தானே என்று அனுப்பிவிட்டார்கள். யத்விகாவுக்கும் ருஷ்ய மொழி தெரியும், பேச மனசில்லை. அதனால் மொழிபெயர்ப்பாளர் தம்மோடு தாமே பேசி, தாமே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குள் பிலோமி அந்த அம்மாவின் கூடையைத் தூக்கி, கவிழ்த்து, அடியைப் பார்த்தாள். முடைகிறவர்கள் அடியைத்தான் பார்ப்பார்கள். யத்விகா பிலோமியின் பெட்டி மூடியைத் திறந்து ஓரத்து மடிப்பை விரலால் தடவினார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிலோமி மடியிலிருந்து ஓலையை எடுக்க, அவர் பையிலிருந்து குச்சியை எடுக்க, பேச்சில்லாமல் வேலை ஓடியது. பாதி ஓலையும் பாதிக் குச்சியுமாக ஒரு கொட்டான் உருவாகிக்கொண்டிருந்தபோது மதுசூதனன் பார்த்துவிட்டார்.

"என்ன செய்றீங்க? ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகலை. அதற்குள் எப்படிக் கலாசாரம் பரிமாறலாம்?"

முடைந்ததை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தார்கள். கையெழுத்தானதும், போட்டோவுக்காக, மறுபடி முதலிலிருந்து முடைந்தார்கள்.

போட்டோக்காரர் போனதும் பிலோமி எழுந்தாள்.

"சார், கல்யாணம் நெருங்கிட்டு. பெட்டியத் தாங்க."

"தரலாம். அனுப்பியது அனுப்பியபடி திரும்பியிருக்க வேண்டும். போனபோது உள்ளே கருவாடு இருந்ததாக அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது வேறு ஏதோ இருக்கிறது." அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. "கருவாடு எங்கே?"

"தின்னுட்டாவ சார்."

யத்விகாவுக்குப் பேச்சு எதைப்பற்றி என்று புரிந்துவிட்டது. வயிற்றைத் தடவிக் காட்டிச் சிரித்தார்.

"அது அரசாங்கச் சொத்து."

"எங்க வீட்டுக்காரரு பிடிச்ச மீனு சார்."

"முத்திரை வைக்கிற வரைக்கும் மீன். வைத்த பிறகு கைவினை."

"அப்ப அதே சீலாக் கருவாடு இப்பவே கொண்டாரேன். கீழதான கடை இருக்கு."

"அது உள்ளூர்க் கருவாடு. எங்களுக்கு வர வேண்டியது போலந்திலிருந்து வர வேண்டிய கருவாடு."

"போலந்துல சீலா கிடைக்காதுல்லா?"

"இங்கிருந்து அனுப்பி, அங்கிருந்து வரவழைப்போம்."

"எதுல வச்சு அனுப்புவிய?"

"ஒரு பெட்டியில்தான்."

"அந்தப் பெட்டி திரும்பி வருமா?"

"கட்டாயம் வரும்."

"வெறுமையாவா?"

மதுசூதனன் பேனாவை எடுத்தார். விஷயத்தை மேலிடத்துக்கு எழுதினார்.

இதற்கிடையில் அந்தப் போட்டோ பத்திரிகையில் வந்தது. பெட்டியில் நம் ஊர்ச் சாமானும் தெரிய வேண்டும் என்று போட்டோக்காரர் கீழ்க் கடையிலிருந்து ஒரு கருவாட்டை வாங்கி, வால் வெளியே தெரியும்படி வைத்து எடுத்துவிட்டு, போகும்போது அதைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, ஊரில் கிளப்புக்குப் போகிற அம்மாமார் எல்லாரும் கைப்பையை விட்டுவிட்டு ஓலைப்பெட்டியும் வாலுமாகக் கிளம்பிவிட்டார்கள். போலந்து ஸ்டைல் என்று பேர். கருவாட்டுக் கூடையோடு ஏறினால் எங்களைப் பின் சீட்டுக்கு விரட்டுகிற பஸ் கண்டக்டர், அவர்களுக்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார். வால் வெள்ளிமாதிரி மின்ன வேண்டும் என்று அதற்குப் பாலிஷ் போட்டவர்களும் உண்டு. எங்கள் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கத்தரிக்காய்தான்.

கல்யாணம் வந்தது. பெட்டி வரவில்லை. கூறைச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னோம். பிலோமி மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிளாரன்ஸ் அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாலாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். இதைக் கேள்விப்பட்ட மதுசூதனனுக்கும் பொறுக்கவில்லை. சட்டத்தையெல்லாம் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியைத் திருப்பித் தரத்தான் வழியில்லை. கண்காட்சியில் வைக்க வழி உண்டு. ஆகவே பிளாரன்ஸின் கல்யாணம் கண்காட்சி என்று அறிவிக்கப்பட்டது.

பந்தல் வாசலில் ரிப்பன் கட்டினார்கள். மதுசூதனன் வெட்டினார். பெட்டிக்கு முன்னால் அய்யாக்குட்டி 'தொடாதீர்கள்' என்ற அட்டையைப் பிடித்தபடி கோவில் வரைக்கும் நடந்தான். யத்விகா வைத்ததையெல்லாம் பந்தலில் எடுத்து வைத்துவிட்டு, கூறைச்சேலையையும் தாலியையும் உள்ளே வைத்திருந்தோம். மாப்பிள்ளை இனிகோ தாலியை எடுக்கக் கை நீட்டியபோது அய்யாக்குட்டி அட்டையைக் குறுக்கே நீட்டினான்.

"காட்சிப் பொருளத் தொடக்கூடாது."

"ஏலே, நான் மாப்பிள்ளடா."

"நீங்களும் காட்சிப் பொருள்தான் அண்ணாச்சி. லிஸ்ட்ல இருக்கிய. ஒண்ணு ஒண்ணத் தொடலாமான்னுதான் யோசிக்கேன்."

சாமியார் கோபமாகப் பார்த்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. யத்விகா தம் ஊர்ப் பூப்போட்ட பாவாடையில் வந்திருந்து, எங்களையெல்லாம்விட அதிகமாக அழுதார்.

விருந்து முடிந்ததும் மதுசூதனன் பிலோமியைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்மா, நாளைக்குக் காலையில் பெட்டி காலியாக என் மேசைக்கு வரட்டும். 'உள்ளிருப்பு இல்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறேன். சாயங்காலமே பெட்டி உங்களுக்குத்தான், ஆயுசுக்கும். ஒன்றே ஒன்று. காலியாக வர வேண்டும்."

சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலையில் நாங்கள் பிலோமி வீட்டில் கூடி ஜெபமாலை சொன்னோம். அவள் கை இரண்டு தடவை அடுக்களைப் பக்கம் போயிற்று. நான் பிடித்துக்கொண்டேன். அய்யாக்குட்டி பெட்டியைத் தூக்கிப் பார்த்தான், கனமில்லை.

"கல்யாண வீட்டுலருந்து வெறும் பெட்டியோட நான் தெருவுல நடக்கணுமோ? எனக்கும் மானம் இருக்குல்லா?" என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டு போனான். தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் பெட்டி காலியாகவே போய்ச் சேர்ந்தது. ஃபைலும் மூடப்பட்டது.

சாயங்காலம் மதுசூதனனே பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். 'காலிப் பெட்டி பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய தாளை நீட்டினார். பிலோமி ஆசையோடு மூடியைத் திறந்தாள்.

உள்ளே தேன்குழல், வாய் வரைக்கும்.

மதுசூதனன் எட்டிப் பார்த்தார். வரும் வழியில் காப்பி குடிக்கத் தம் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில், அவர் மனைவி பூமா பெட்டியைப் பார்த்துவிட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "கல்யாணம் நடந்த ஆத்துக்கு வெறும் பெட்டியை யாராவது எடுத்துண்டு போவாளா?" என்று அந்த அம்மா பிறகு எங்களிடமே கேட்டார். எங்களுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

"கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார் மதுசூதனன், மெதுவாக.

"காலிப் பெட்டின்னு எப்படி சார் போட? இப்பத்தான் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சிருக்கேன், உடனே பொய்யா?"

"அப்படியென்றால் தேன்குழலை நான் எடுத்துக்கொள்கிறேன்."

நாங்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தோம். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதா? நீட்டின கையை அவர் அப்படியே மடக்கிக்கொண்டார். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து தேன்குழலைத் தின்றோம். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார். ஃபைலை மறுபடி திறந்தார்கள்.

பூமா அம்மா கொடுத்தனுப்பியதற்குப் பதில் அனுப்ப வேண்டாமா? மறுநாளே பிலோமி பெட்டியில் கருப்பட்டியை அடுக்கி அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அங்கிருந்து தட்டை வந்தது. இங்கிருந்து நுங்கு போயிற்று. மதுசூதனனுக்கு இரண்டு தடவை மாற்றல் உத்தரவு வந்தது. பெட்டிக் கணக்கு முடியாததால் இரண்டு தடவையும் நின்றுபோயிற்று. பிளாரன்ஸுக்கே ஒரு மகள் பிறந்துவிட்டாள்.

நேற்றுக்கூடப் பிலோமி பெட்டியோடு என் வாசலைத் தாண்டிப் போனாள்.

"ஏளா, அந்தப் பெட்டி உனக்குத் திரும்பக் கிடைக்கவே கிடைக்காதா?" என்று கேட்டேன்.

"கிடைச்சுக்கிட்டேதான அக்கா இருக்கு," என்றாள்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பாதிதான் நிறைந்திருந்தது. உள்ளே போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து வந்து வைத்தேன்.