மொன்றியல் அணிக்குப் புருசெத்தில் இடமுண்டு

கனடாவின் மொன்றியலில் ஆடிவந்த ஓர் அமெரிக்கப் பேஸ்போல் அணியை எந்த ஊரில் குடியமர்த்துவது என்று தெரியாமல் அமெரிக்கர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த 2003ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், அதற்குச் சரியான விடையைக் கண்டுபிடித்தவர்கள் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் வாழும் ஒன்பது தமிழர்கள். இந்த உண்மை இன்றுவரை வெளியே வரவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் பேஸ்போலைக் கண்ணால் கண்டதில்லை. ஒன்பதாவது ஆள் நான். வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே தொலைக்காட்சியில் நாலு நிமிடம் பார்த்திருந்தேன். ஆகவே என்னைத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' ஆக்கினார்கள்.

அந்த ஒன்பது பேரும் 'குரோருட் பள்ளத்தாக்குத் தமிழர் விளையாட்டுக் கழக' நிர்வாகசபையினர். நான் செயலாளர், இராசமணி. கழகம் தொடங்கிப் பதினொரு வருடங்களில் நூற்றுப் பதினாறு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். விளையாட்டு இரண்டு. அதில் ஒன்று கரம்போட்.

மற்றது அஜந்தாவின் எல்லே அணி. எல்லே தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் பந்தை எறிய, இன்னொருவர் தடியால் அடித்துவிட்டு நாலு இடம் சுற்றி ஓடிவர வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் வெளுத்து வாங்கும் விளையாட்டு. சிறுவர் காப்பகத்தில் வேலை செய்யும் அஜந்தா, பதினான்கு பிள்ளைகளைச் சேர்த்து, புதன்கிழமை பின்னேரங்களில் புருசெத்தில் உள்ள சரளைக்கல் மைதானத்தில் பழக்கிவந்தார். இதைப் பார்த்த ஒரு நோர்வேஜியப் பயிற்சியாளர், "எங்கள் பெண்களோடு வரும் ஆனியில் ஒரு பேஸ்போல் ஆட்டம் ஆடுங்கள்" என்று கேட்டாராம். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ஆட்டம். அதற்கு மைதானம் வேண்டும். மைதானத்துக்கு வருடாவருடம் நகரசபைக்கு விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்துக்குக் கழகத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

"இராசமணி அண்ணை, இந்தச் சொக்னாட்டிலை தலைவற்றை கையெழுத்து ஒண்டு வேணும். மாசி முடியிறதுக்கிடையிலை கொம்மூனுக்குக் குடுக்கோணும். ஒரு நிமிச வேலை" என்று விண்ணப்பப் படிவத்தை நீட்டினார் அஜந்தா.

"தங்கச்சி, ஒரு நிமிச வேலையெண்டால் அது 'ஏனைய விடயங்கள்' எண்டதுக்குள்ளைதான் வரும்" என்று விளக்கினேன்.

'ஏனைய விடயங்கள்' நிகழ்ச்சி நிரலில் கடைசி. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, தலைமையுரைக்கு நன்றியுரை, தேநீர் எல்லாம் முடிந்த பிறகு வருவது. பதினொரு வருட வரலாற்றில் அந்த இடத்தை நாங்கள் மூன்று தடவை அடைந்திருக்கிறோம். அடைந்தபோதெல்லாம் மண்டபத்துக்காரர் திறப்புக்கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்தக் கார்த்திகைக் கூட்டத்திலும் அஜந்தா படிவத்தோடு பின்வரிசையில் காத்திருந்தார். தலைமையுரையின் நடுவில் தலைவர் யோகராசா திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"மொன்றியலிலை இருந்து மச்சான் ரெலிபோன் எடுத்தவன். அங்கை பேஸ்போல் டீம் ஒண்டு நிக்க இடமில்லாமல் நிக்குதாம். அதின்ரை ஆக்கள் ஊர் தேடித் திரியினமாம். வாஷிங்டன் கேக்குதாம், போட்லண்ட் கேக்குதாம், லாஸ் வேகாஸும் கேக்குதாம். நாங்கள் ஏன் கேக்கக்கூடாது?"

பொருளாளர் சபாரத்தினம்தான் துணிந்து வாயைத் திறந்தார். "இந்தக் குளிருக்கை அவை வருவினமோ?"

"ஏன் வராயினம்? நாங்கள் வரேல்லையே? குளிரெண்டு சொல்லிக் கொழும்பிலை நிண்டனாங்களே?"

உபதலைவர் மகேந்திரராசா வழிமொழிந்தார். "அதோடை, பேஸ்போல் ஆரின்ரை? எங்கடை எல்லேதான். வெள்ளைக்காரன் கையுறை போட்டிட்டான், அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து அஜந்தா எழுந்தார். "அண்ணை, அந்த எல்லேயைத்தான் இஞ்சை பதினாலு பிள்ளையள் விளையாடுதுகள். இந்தக் கையெழுத்தை..."

"தங்கச்சி, சர்வதேசப் பிரச்சினை கதைக்கேக்கை குறுக்கை வரப்படாது" என்றார் யோகராசா, மிகுந்த அன்போடு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சாத்தியக்கூற்று அறிக்கை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று வாரம் உழைத்தேன். அதிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன், தற்பெருமைக்காக அல்ல. 'ஒஸ்லோவில் ஐந்து மாதம் வெண்பனி. பந்தும் வெள்ளை. ஆகவே பந்து கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் எதிரணிக்கும் தெரியாது என்பதால் சமநீதி பேணப்படும்.' இந்த வசனத்துக்குச் சபை கைதட்டியது. அரங்கில் நாற்பதாயிரம் இருக்கைகள் வேண்டும் என்பதுதான் சற்று இடித்தது. நோர்வேயில் உள்ள தமிழர் அத்தனை பேரையும், கைக்குழந்தை முதல் படுத்த படுக்கையில் கிடப்பவர் வரை, கொண்டுவந்து இருத்தினாலும் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும் என்றேன்.

"எங்கடை கலைவிழாவிலையும் அப்பிடித்தானே கிடக்கிறது? நாங்கள் விழாவை நிப்பாட்டினனாங்களே?" என்றார் யோகராசா. அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

தீராத பிரச்சினை ஒன்றுதான். ஒஸ்லோ என்றால், ஒஸ்லோவில் எங்கே?

"புருசெத்" என்றார் யோகராசா. "என்ரை பல்கணியிலை நிண்டே பாக்கலாம்."

"ரொம்சோஸ்" என்றார் மகேந்திரராசா. "அங்கை தே-பானே ரெயில் ஸ்டேசன் மலைக்குள்ளை குடைஞ்சு கட்டியிருக்கு. மேலாலை குண்டு போட்டாலும் டீமுக்கு ஒரு சேதமும் வராது."

"ஆர் ஐயா பேஸ்போலுக்குக் குண்டு போடுறது?"

"நாங்கள் ஊரிலை இப்பிடித்தான் எண்பத்தேழிலையும் கேட்டனாங்கள்."

சபாரத்தினம் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார். "கழகத்தின்ரை பேரே குரோருட். பிறகென்ன கதை?"

உள்விடயம் தெரியாதவர்களுக்கு இது ரயில் பாதைத் தகராறு போலத் தோன்றும். அப்படியல்ல. யோகராசாவின் ஊர்ச்சனம் ஒருவரைப் பார்த்து ஒருவர் வீடு வாங்கி, பெரும்பாலும் புருசெத்தில் குடியிருக்கிறது. மகேந்திரராசாவின் ஊர்ச்சனம் ரொம்சோஸில். சபாரத்தினத்தின் பள்ளிக்கூடப் பழைய மாணவர்கள் குரோருட்டில் ஒரு கட்டடம் முழுக்க நிறைந்திருக்கிறார்கள். ஆகவே அமெரிக்க அணி எந்தத் தரிப்பிடத்தில் இறங்கும் என்ற கேள்வி, யாழ்ப்பாணத்தில் எந்த ஊருக்கு அது சொந்தம் என்ற கேள்வியாகிவிட்டது. விட்டுக்கொடுக்கிற விடயமா இது?

தை மாதத்தில் கழகம் மூன்றாக 'விரிவடைந்தது'. பிளவு என்று சொல்லும் வாய்களை நான் கண்டிக்கிறேன். மூன்றுக்கும் ஒரே பெயர். புருசெத்தில் 'தாய்க் கழகம்', ரொம்சோஸில் 'உண்மையான கழகம்', குரோருட்டில் 'ஆரம்பக் கழகம்'. மூன்று தலைவர்கள், மூன்று கடிதத் தலைப்புகள், மூன்று இறப்பர் முத்திரைகள். செயலாளர் மட்டும் ஒருவர்தான். நோர்வேஜிய மொழியில் பிழையில்லாமல் கடிதம் எழுதக்கூடியவன் நான் ஒருவன் என்பதால் மூவரும் என்னையே வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தாய்க் கழகத்தின் சார்பில் ரொம்சோஸ்காரரைக் கண்டித்து எழுதுவேன். செவ்வாய்க்கிழமை ரொம்சோஸின் சார்பில் அந்தக் கண்டனத்தை வன்மையாகக் கண்டிப்பேன். சில கண்டனங்களில் நான் பயன்படுத்திய சொற்கள் என்னையே புண்படுத்தின.

அமெரிக்காவுக்கு மூன்று அழைப்புக் கடிதங்கள் போயின. பதில் வரவில்லை. ஆழமாக ஆலோசிக்கிறார்கள் என்று மூவரும் மகிழ்ந்தார்கள்.

மாசிக் கடைசியில் அஜந்தா அந்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு யோகராசாவின் வீட்டுக்கே போய்விட்டார். அவர் உடனே கையெழுத்து வைத்தார். கல்நெஞ்சன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. சங்கதி அன்று மாலையே ரொம்சோஸுக்கு எட்டியது.

"அப்ப அவரோ தலைவர்? நான் ஆர்?" என்று மகேந்திரராசா தொலைபேசியில் கத்தினார். "கொண்டு வாங்கோ படிவத்தை. பிள்ளையளுக்கு நானும் கையெழுத்து வைப்பன்."

சபாரத்தினமும் வைத்தார். ஒரு கையெழுத்துக் கேட்ட பெண்ணுக்கு மூன்று கையெழுத்துக் கொடுத்த கழகம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? ஒரே மைதானம், ஒரே புதன்கிழமை, ஒரே பதினான்கு பிள்ளைகள், மூன்று விண்ணப்பங்கள். ஒவ்வொன்றோடும், மற்ற இரண்டு கழகங்களும் போலி என்று நகரசபை அலுவலகத்தை எச்சரிக்கும் இணைப்புக் கடிதம் ஒன்று. மூன்றையும் நானே எழுதினேன்.

அஜந்தா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. "அண்ணை, உந்தக் கடிதங்களை அனுப்பாதேங்கோ. ஒண்டே காணும். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"பிந்திப்போனியள் தங்கச்சி. நான் பதிவுத் தபாலிலை போட்டிட்டன்" என்றேன். வேலையை நாளைக்கென்று தள்ளிவைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அலுவலகம் குழம்பியது. உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் அனுசரணை செய்யப் போகிற நாடல்லவா, எங்களுக்கும் பேசித் தீர்க்க ஓர் இளம் பெண் அதிகாரியை ஏற்பாடு செய்தது. வட்டமேசை போட்டார்கள். மூன்று தலைவர்களில் யார் முதலில் வரவேற்புரை ஆற்றுவது என்பதில் முதல் மூன்று மணித்தியாலம் போனது. மறுநாள் அந்தப் பெண் சுகவீன விடுப்பில் போய்விட்டார். நல்ல பிள்ளை; அனுபவம் காணாது.

சித்திரையில் முடிவு வந்தது. 'கழகத்தின் சட்டபூர்வத் தலைவர் யார் என்பது தெளிவாகும்வரை மைதானம் வழங்க இயலாது. இந்தப் பருவகாலம் புதன்கிழமைகள் நாய்ப் பயிற்சிக் கழகத்துக்கு ஒதுக்கப்படுகின்றன.' மூவருக்கும் ஒரே கடிதம் வந்தது. தத்தம் கழகத்தின் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள்.

புரட்டாதிக் கடைசியில் அமெரிக்கா வாயைத் திறந்தது. அணி வாஷிங்டனுக்குப் போகிறதாம்.

துயரம் எங்களை ஒன்றாக்கியது. வாஷிங்டனைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்ற மூன்று கழகங்களும் ஐப்பசியில் ஒரே மண்டபத்தில் கூடின. மூன்று தலைவர்களும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்து விளக்கேற்றினார்கள். கட்டித் தழுவினார்கள். ரோல்ஸ் பரிமாறப்பட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; பொய் சொல்லவில்லை. ஒற்றுமையின் முதல் வேலையாக, விளையாட்டுத் துறைக்கு ஆற்றிய சேவைக்காக அஜந்தாவுக்குப் பொன்னாடையும், அவருடைய பதினான்கு பிள்ளைகளுக்கும் சான்றிதழும் வழங்குவதென்று யோகராசா முன்மொழிந்தார். அஜந்தா கதவடியில் குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"வாங்கோ தங்கச்சி, மேடைக்கு வாங்கோ" என்றார் யோகராசா.

"என்னத்துக்கு அண்ணை? இப்ப அணி இல்லை. மற்ற டீமுக்கு நான்தான் ரெலிபோன் எடுத்து வரவேண்டாமெண்டு சொன்னனான். எங்கடை பிள்ளையள் சொல்லச்சொல்லக் கேளாமல் ஆட்டம் வைச்ச அண்டைக்கு வெளிக்கிட்டு வந்தவை. கம்பி வேலிக்கு வெளியிலை தடியளோடை நிண்டு, உள்ளுக்கை நாய் ஓடுறதைப் பாத்தவை. அதோடை ஒவ்வொருத்தராய் வராமல் விட்டிட்டினம்."

"கவலையான விசயம்தான்" என்றார் மகேந்திரராசா. "அதுக்காகத்தானே சான்றிதழ். பேரைச் சொல்லுங்கோ, செயலாளர் எழுதட்டும்."

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

"என்ன?"

"பதினாலு பேர் வேண்டாம். மூண்டு தலைவரும் சேந்து ஒரு பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ. நான் பொன்னாடை போர்க்கிறன்."

வாஷிங்டன் அரங்கின் இருக்கைக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். மொன்றியல் அணியில் பந்து எறிபவர் எந்தக் கைக்காரர் என்றும் தெரியும். யோகராசா மகேந்திரராசாவைப் பார்த்தார். மகேந்திரராசா சபாரத்தினத்தைப் பார்த்தார். சபாரத்தினம் ரோல்ஸைப் பார்த்தார். எங்கள் வரலாற்றில் மூன்று கழகங்களும் முழுமையாக ஒத்துப்போனது அந்த ஒரு நிமிடத்தில்தான். குறிப்பில் அதையும் ஏகமனதான முடிவு என்று பதிந்தேன்.

அஜந்தா பையிலிருந்து பிள்ளைகளின் பெயர்கள் எழுதிய ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, பொன்னாடையைத் தொடாமல் போய்விட்டார்.

செயலாளரின் கடமை எழுதுவது. ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து எழுதத் தொடங்கினேன். இந்த நாட்டில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும். நிரோஜா யோகராசா. பிரவீணா மகேந்திரராசா. அபிநயா மகேந்திரராசா. துளசிகா சபாரத்தினம். சபாரத்தினம் ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். எனக்கோ உள்ளூரச் சந்தோசம்தான். வேண்டும் இவர்களுக்கு என்று நினைத்தபடி, நல்ல கையெழுத்தில் கடைசிவரை எழுதிக்கொண்டு போனேன். பதினான்காவது பெயர்: யதுர்ஷா இராசமணி.

அவள் புதன்கிழமைகளில் கணக்கு வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவளை அந்தக் கம்பி வேலிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திய மூன்று கடிதங்களையும், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல், எழுதியவன் அவளுடைய அப்பா.