காற்றைக் கூட்டிய கதை

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. கடலிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் பிறந்து வளர்ந்து, ஒரு நாள்கூடப் படகில் கால் வைக்காமல், உலகத்துக் கடல்களுக்கெல்லாம் காற்று எவ்வளவு என்று சொல்லும் மென்பொருளுக்குப் பொறுப்பேற்றுக்கொண்ட முட்டாள். (பொறுப்பைக் கொடுத்தவர்களையும் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் என்னை நேரில் பார்த்ததில்லை, பாவம்.)

எங்களுக்குச் சாயல்குடிப் பக்கம் ஊர். மிளகாயும் பனையுமாக வானம் பார்த்த பூமி. எங்கள் ஆட்கள் மழைக்காக மேலே பார்ப்பார்கள், களைக்காகக் கீழே பார்ப்பார்கள். கடல் பக்கம் அவர்கள் திரும்பி நான் பார்த்ததில்லை. கடல் என்றால் அமாவாசைக்கு முங்கிவிட்டு ஈரத்துணியோடு பஸ் ஏறுகிற இடம், அவ்வளவுதான்.

நான் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களுக்காகக் காசில்லாமல் கிடைக்கிற ஓர் இயங்குதளத்தைப் போட்டேன். அவை எழுந்து ஓட ஆரம்பித்தன. அத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: இதையெல்லாம் யார் செய்கிறார்கள்?

தேடத் தேட ஆச்சரியம். முதலாளி கிடையாது, மேனேஜர் கிடையாது. உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களில் ஒவ்வொன்றையும் எங்கோ ஓர் ஆள் தன் பொறுப்பில் வைத்திருக்கிறார். பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் அதைச் சரிபார்த்து, எல்லார் கம்ப்யூட்டரிலும் சிக்கலில்லாமல் ஏறும்படி பொதியாகக் கட்டி அனுப்புகிறார். புகார் வந்தால் பதிலும் சொல்கிறார். ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருக்கிறார், இன்னொருவர் பல் டாக்டர். எதற்காகச் செய்கிறார்கள்? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நானும் சேர்ந்தேன்.

அப்பாவிடம், எங்கள் பேச்சில் அய்யாவிடம், பெருமையாகச் சொன்னேன்.

“சம்பளம் எம்புட்டுலே?”

“சம்பளமெல்லாம் இல்லய்யா.”

“பிறகு? பஸ் காசாவது குடுப்பாகளா?”

“வீட்டுல இருந்தே பாக்குறதுதான்.”

“அப்ப ஒன்னைய யாரு வேலைக்கு வச்சது?”

“நானாத்தான் சேந்துக்கிட்டேன்.”

 அய்யா என் மனைவி மலர் பக்கம் திரும்பினார். “பசி மண்டைக்கு ஏறிருச்சு போல. இவனுக்குச் சாப்பாட்டக் கொஞ்சம் வெள்ளனமே குடும்மா,” என்றார்.

பொறுப்பாளர் விலகிப்போன பொதிகளுக்கு அந்த உலகத்தில் ‘அநாதை’ என்று பெயர். யார் வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம். நான் எடுத்தது ஒரு சின்னப் பொதி. திரையின் மூலையில் ஒரு கட்டம் வரும். நாம் குறித்துக்கொடுத்த கடற்பகுதியில் அன்றைக்குக் காற்று எவ்வளவு ஏறும் என்று அதில் ஓர் எண் நிற்கும். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் கடல்மேல் பாசம் காரணம் இல்லை. இருந்த அநாதைகளில் என் மண்டைக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.

“வீட்டுக் கோழிக்குத் தண்ணி வைக்க நேரமில்ல. அநாதையத் தத்தெடுத்தாராமுல்ல,” என்றாள் மலர்.

புது ஆள் எதையும் நேரடியாக அனுப்ப முடியாது. பழைய ஆள் ஒருவர் பார்த்து, தன் பொறுப்பில் ஏற்றிவிட வேண்டும். எனக்கு வாய்த்தவர் வால்டர். அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிறார். முகம் தெரியாது. ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார்.

தத்தெடுத்தவன் பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டுப் பார்க்க வேண்டாமா? கட்டத்தில் ‘12 நாட்’ என்று இருந்தது. நாட் என்பது கப்பல்காரர்களின் வேகக் கணக்கு. ஒரு நாட் இரண்டு கிலோமீட்டரை நெருங்கி வரும். இந்தக் காலத்தில் யார் ‘நாட்’ கணக்குப் பார்க்கிறார்கள் என்று யோசித்தேன். பஸ், ரயில், பைக் எல்லாம் கிலோமீட்டரில்தானே ஓடுகின்றன? (கடலிலும் சில சாமான்கள் ஓடுகின்றன என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.) கிலோமீட்டராக மாற்றினேன். 12 போய் 22 வந்தது. பக்கத்தில் ‘மணிக்கு கி.மீ.’ என்று போட்டால் எழுத்து கட்டத்தை விட்டு வழிந்து, பனியன் தெரிகிற சட்டை மாதிரி இருந்தது. எழுத்தையே எடுத்துவிட்டேன். வெறும் 22 மட்டும் நடுவில் அம்சமாக நின்றது. மாற்றக் குறிப்பில், ‘தோற்றம் சற்று மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன்.

பொதி ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று வால்டர் பார்த்தார். கட்டியிருந்தது. “சரி,” என்று எழுதி ஏற்றிவிட்டார். அன்று இரவு மலருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

சில நாளில் முதல் புகார் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி: காற்று கூடுதலாகக் காட்டுகிறது, கடல் சாதுவாகத்தான் இருக்கிறது. கீழே ராணி என்று பெயர்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் பொதியை ஓர் உயிர் பயன்படுத்துகிறது! எந்தத் தேசமோ, எந்தத் தீவோ? பெரிய பொறுப்பாளர்கள் எழுதுவதுபோலவே எழுதினேன்: “என் கணினியில் சரியாகவே இருக்கிறது. பிழையை நானும் காண்பதற்கான படிகளைத் தரவும்.”

பதில் உடனே வந்தது. “முதல் படி, ஜன்னலைத் திறக்கவும். அடுத்த படி, கடலைப் பார்க்கவும்.”

என் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடியில் காயும் லுங்கிதான் தெரியும். அது ஆடவில்லை. ஆனாலும் புகாரை மூடினேன். புகாரை மூடுவதில் ஒரு சுகம் உண்டு. கொசுவை அடிக்கிற சுகம். அவர் மறுபடி திறந்தார். ‘பயனரின் புரிதல் குறை’ என்று காரணம் எழுதி மறுபடி மூடினேன். (இந்த வரியை இன்றும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அழிக்க வழியில்லை. தேடிவிட்டேன்.)

மூன்றாம் தடவை அவர் ஒரு போட்டோவோடு திறந்தார். மேஜையில் கம்ப்யூட்டர், திரை மூலையில் என் அழகான 22. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நாட்டுப்படகுகள், ஒரு படகின் விளிம்பில் தூங்குகிற காக்கா. நான் பார்த்தது அதையெல்லாம் இல்லை. சுவரில் மாதா படம் போட்ட காலண்டர் தொங்கியது. அதன் அடியில் கொட்டை எழுத்தில், தங்கச்சிமடம்.

எந்தத் தேசமோ என்று நான் நினைத்த என் பயனர், பாம்பன் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் இடத்தில் இருக்கிறார்! புகாராவது ஒன்றாவது, அந்த ஆளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. நேரில் வருவதாக எழுதினேன். “வாங்க,” என்று தமிழில் வந்தது.

சனிக்கிழமை கிளம்பினேன். அந்த இயங்குதளத்தின் சின்னம் போட்ட டீ-ஷர்ட், கையில் எங்கள் தோட்டத்துக் குண்டு மிளகாய் ஒரு பை. பாலத்தில் பஸ் போகும்போது சால்வை போடுவார்களா, துண்டு போடுவார்களா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கடலோரத்தில் நாட்டுப்படகுக்காரர்களின் சங்க அறை. ராணி என்பது செல்வராணி. முப்பது வயதுக்குள் இருக்கும், சங்கத்து வேலைகளைப் பார்க்கிறவர். அறைக்கு வெளியே வேலையில்லாமல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பகல் நேரத்தில் இத்தனை மீனவர்கள் ஏன் கரையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்காகக் கூடியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

“அப்பா, இவுகதான் அந்தக் காத்து,” என்றார் செல்வராணி.

நடுவில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா அந்தோணி அண்ணன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “ஆளு ஒல்லியாத்தான் இருக்காரு. இவரா இம்புட்டுக் காத்து அடிக்கிறது?”

உள்ளே கூட்டிப்போய் செல்வராணி விஷயத்தைச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தது அவர். ஆரம்பத்தில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஒருமுறை காலையில் கடல் அமைதியாக இருந்தும், மதியம் காற்று ஏறும் என்று கட்டம் காட்ட, அவர் சண்டை போட்டு எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார். போன மற்ற ஊர்க்காரர்கள் வலையைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்களாம். அன்றிலிருந்து கட்டத்தில் இருபதைத் தாண்டினால் இங்கே படகு இறங்காது. இந்த வாரம் முழுக்க இருபதைத் தாண்டியே நின்றது. பாம்பன்காரர்கள் தினமும் போய்க் கணவாய் மீன் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் கரையில் உட்கார்ந்து அதை எண்ணினார்கள்.

“இன்னைக்குச் சாயங்காலம் இத வெளிய தூக்கிப் போட்டுட்டு கேரம் போர்டு வாங்கப் போறாகளாம், சார். எங்கப்பாவே கை தூக்கிட்டாரு. இனிமே நான் என்ன சொன்னாலும் இங்கன ஒருத்தரும் கேக்க மாட்டாக.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “அதான் திருப்பித் திருப்பித் தொறந்தேன்.”

இந்த இடத்தில் மனிதப் பிறவியாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பான். நான் வெளியே வந்து பிரசங்கம் செய்தேன். பருவநிலை மாறுகிறது, கண்ணை நம்பாதீர்கள், தரவை நம்புங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் கைதட்டு வாங்கித் தந்த பேச்சு. இங்கே ஒருவர் கொட்டாவி விட்டார்.

செல்வராணி மட்டும் நெற்றியைச் சுருக்கினார். “சார், முன்னால நம்பருக்குப் பக்கத்துல நாட்டுன்னு போட்டிருக்கும். அது எங்க?”

“அத எடுத்துட்டேன். பாக்க லட்சணமா இல்ல.”

“சரி, எடுத்தீக. இப்ப இது நாட்டுதான?”

“இல்லையே, கிலோமீட்டர்,” என்றேன் நான், சபையில் சரியான விடை சொல்லும் பையனின் துள்ளலோடு.

 செல்வராணி கண்ணை மூடி, உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். “இருபத்திரெண்டு கிலோமீட்டர்னா... பன்னெண்டு நாட்டு. அப்பா, பன்னெண்டுப்பா! வாரம் பூரா பன்னெண்டுதான் அடிச்சிருக்கு!”

அந்தோணி அண்ணன் எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று மிளகாய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“தம்பி கடலுக்குப் போயிருக்கீகளா?”

“இல்லண்ணே.”

“ஒரு நாளும்?”

“பாலத்து மேல இருந்து பாத்திருக்கேன்.”

சிரிப்பு அங்கிருந்து கிளம்பி, படகுவரிசை முழுக்கப் போய், திரும்பி வந்தது. “வாங்க, ஒங்க இருபத்திரெண்டு எப்பிடி இருக்குன்னு நீங்களும் பாக்கணும்ல,” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். ஓர் எண்ணை இத்தனை நாள் வளர்த்திருக்கிறேன், அது தோலில் படும்போது எப்படி இருக்கும்? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் தெரிந்தது. படகு மேலே போனது, வயிறு கீழேயே நின்றது. படகு கீழே வந்தது, வயிறு மேலே போனது. இரண்டும் சந்திக்கவே இல்லை. காலையில் தின்ற இட்லியைப் பாக் நீரிணைக்குக் கொடுத்தேன். நடுநடுவே, “அண்ணே, இப்ப கூடிருக்கா? இதான் பன்னெண்டா? இருபதுன்னா எப்பிடி இருக்கும்?” என்று கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

“வாந்திக்கு நடுவுல கேள்வி கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்,” என்றார் அந்தோணி அண்ணன். “இது பன்னெண்டு. இருபதுன்னா நீங்க கேக்க மாட்டீக.”

கரைக்கு வந்து, சங்கத்துக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து மாற்றத்தைத் திருத்தினேன். செல்வராணி பக்கத்தில் நின்று பார்த்தார்.

“இப்ப எல்லாருக்கும் போயிருமா?”

“இல்ல, வால்டர்னு ஒருத்தரு பாத்து ஏத்தணும்.”

“ஏத்தச் சொல்லுங்க.”

“அங்க இப்ப விடியல. தூங்குவாரு.”

“காத்தக் கூட்டிவிட ஒரு நாள் ஆகல. கொறைக்க ஆளு தூங்குறாகளாம்.” அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘கிலோமீட்டர், பாதியாக்கி ஒன்று கூட்டிப் பார்க்கவும்’ என்று எழுதித் திரையில் ஒட்டினார். பிறகு, சிரிக்காமல் சொன்னார்: “சார், கூட்டிக் காட்டுனீக, கரையில கெடந்தோம். கொறச்சுக் காட்டிருந்தா?”

மிளகாய்ப் பையை அவர் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கம்ப்யூட்டர் தப்பித்தது. கேரம் போர்டும் வந்தது. இரண்டும் ஒரே மேஜையில். அந்தோணி அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார்: இனி எதை மாற்றுவதாக இருந்தாலும் அவர் மகளைக் கேட்டுவிட்டுத்தான். அப்படியே செல்வராணி அந்தப் பொதிக்கு இணைப் பொறுப்பாளர் ஆனார், பிறகு வால்டர் மாதிரிப் பழைய ஆளும் ஆனார். இப்போது என் மாற்றங்களை வால்டர் பார்ப்பதில்லை. செல்வராணிதான் பார்த்து ஏற்ற வேண்டும். வேறு எந்தெந்தக் கரையில் எத்தனை படகுகள் என் அழகுணர்ச்சியால் நின்றனவோ, தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

மலரிடம் இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. குழம்பில் உப்பு இல்லை என்றால், “என் நாக்குல சரியாத்தான் இருக்கு,” என்று சட்டியை மூடிவிடுகிறாள். காற்றாடி மெதுவாகச் சுற்றினால் அய்யா, “லே, இது எத்தன நாட்டு?” என்கிறார். இத்தனைக்கும் அவர் இன்னும் படகில் கால் வைக்கவில்லை.

போன வாரம் ஒரு யோசனை வந்தது. கட்டத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வளைத்து, எண்ணுக்கு இளநீலம் கொடுத்தால் கண்ணுக்குக் குளுமையாக இருக்குமே? யூனிட்டைத் தொடவில்லை, எண்ணைத் தொடவில்லை, என் கணினியில் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, பணிவோடு செல்வராணிக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது:

“கடல்ல வச்சுப் பாத்தாச்சா?”