ஹாஜிரி அக்காவுக்கு எட்டுப் பக்கம்

மும்பையில் தமிழ் எழுத்துக்கு அதிகம் தொண்டு செய்தவர் யார் என்று என்னைக் கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் ஹாஜிரி அக்கா என்பேன். இதில் ஒரே ஒரு சிக்கல், அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'அ'வையும் 'ஆ'வையும் சேர்த்து வைத்துக் காட்டினால் இரண்டும் உறவுக்காரர்கள் என்று கண்டுபிடிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். இருந்தும் மூன்று பேரை மூன்று நாவல் எழுத வைத்தார். தமிழைக் கரைத்துக் குடித்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களெல்லாம் என்னை எழுதாமல் இருக்கும்படிதான் கேட்டுக்கொண்டார்கள்.

அக்கா தாராவியில் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை ஒன்றின் சூப்பர்வைசர். பதினாலு மிஷின், பதினாலு ஆட்கள். தினமும் காலையில் ஹாஜிரி எடுப்பது, அதாவது வந்தவன் யார், வராதவன் யார் என்று நோட்டில் குறிப்பது, இருபது வருடமாக அவர் கையில் இருந்த வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிறந்தது தாராவி, படித்தது முனிசிபல் இந்திப் பள்ளிக்கூடம். அதனால் பேச்சு சுத்தத் திருநெல்வேலி, எழுத்து சுத்த இந்தி. அவருடைய நிஜப் பெயர் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் கூடுவோம். முதலாவது, மாட்டுங்கா மாமி. நெற்றி நிறையக் குங்குமமும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்கும் இந்த மாமி எழுதிக்கொண்டிருந்தது தொடர்கொலைகள் பற்றிய நாவல். இரண்டாவது, அணுசக்தி நகரில் குடியிருக்கும் ஒரு டெக்னீஷியன். அவரை 'அணுசக்தி' என்றே கூப்பிடுவோம். ஆறடி உயரம், கடா மீசை. அவர் எழுதியது கண்ணீர் சொட்டும் காதல் கதை. மூன்றாவது நான். செம்பூர்வாசி, கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. என் நாவலின் நாயகன் செல்லத்துரை ஊரிலிருந்து ரயிலேறி வந்து தாதர் ஸ்டேஷனில் ட்ரங்குப் பெட்டியோடு இறங்குவான். இறங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இன்னும் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

வாராவாரம் கூடி என்ன செய்தோம் என்றால், எழுதுவதைப் பற்றிப் பேசினோம். எந்தப் பேனா நல்லது, காலையில் எழுதுவதா மாலையில் எழுதுவதா, நாவலுக்கு முன்னுரை அவசியமா என்று இட்லி ஆறும் வரை பேசினோம். பக்கத்து மேஜையில், கோயிலுக்குப் போன முக்காட்டோடு, கையில் பைபிளோடு ஒரு அம்மாள் தோசைப் பார்சலுக்காகக் காத்திருப்பார். ஒரு ஞாயிறு அவர் பொறுக்க முடியாமல் எழுந்து எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"மூணு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். மூணு பேரும் நாவல் நாவல்னு பேசுதிய. மால் எங்க?"

"மாலா?" என்றார் மாமி.

"ஆமா, மால். தச்ச பை எங்க? பட்டறையில வந்து ஜிப்பப் பத்தியும் பட்டியப் பத்தியும் நாள் பூரா பேசிட்டு ஒருத்தன் வீட்டுக்குப் போனா நான் விடுவனா?"

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தோள்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, எங்கள் பெயர்களை இந்தியில் எழுதிக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம ஆளுக்கு எட்டுப் பக்கம். கொண்டு வந்தா பிரசென்ட். நாலு பக்கம்னா ஹாஃப் டே. இல்லன்னா ஆப்சென்ட்." பார்சல் வந்தது, போய்விட்டார். நாங்கள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்களை யாரும் கேட்கவே இல்லை.

ஆப்சென்ட் போட்டால் என்ன, தலையா போய்விடும் என்று நீங்கள் நினைக்கலாம். அக்கா ஆப்சென்ட் என்பதைப் பட்டறைக் குரலில் சொல்வார். பதினாலு மிஷின் ஓடும் சத்தத்தைத் தாண்டிப் பழகிய குரல். ஹோட்டலில் சட்னி வாளியோடு போகும் சர்வர் நின்று, "இந்த வாரமும் இல்லையா சார்?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போவான்.

சாக்கு எதுவும் அவரிடம் செல்லாது. ஒரே மாமாவை ஒரு வருடத்தில் நாலு தடவை சாகடித்து லீவு வாங்கியவனையெல்லாம் பார்த்தவர். ஒருமுறை நான் மூட் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"மூடா? பட்டறையில பதினாலு பேரு உக்காந்திருக்கான். எவனுக்குத் தம்பி மூடு இருக்கு? சுவிச்சப் போட்டா மிஷின் ஓடும். நீ சுவிச்சப் போட்டியா, அதச் சொல்லு."

மாமி பாவம், உண்மையான காரணமே சொன்னார். "ஆத்துக்கு கெஸ்ட் வந்துட்டா அக்கா. அதான் மூணாவது கொலை பண்ண முடியல."

"கெஸ்ட் வந்தா கொல நிக்குமா? அடுத்த வாரம் ரெண்டாச் சேத்து முடிச்சிருங்க."

பக்கத்து மேஜைக்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியேறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

படிக்கத் தெரியாதவர் எப்படிச் சரி பார்ப்பார் என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது. அக்கா பக்கத்தை வெளிச்சத்தில் பிடிப்பார், கட்டைவிரலால் தடவுவார், பிறகு ஒரு இஞ்சுக்கு எத்தனை வரி என்று பார்ப்பார், தேறியதைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். அணுசக்தி ஒருமுறை பெரிய பெரிய எழுத்தாக எழுதி எட்டுப் பக்கத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். அக்கா ஒரே பார்வையில் திருப்பிக் கொடுத்தார். "தையல் லூசா இருக்கு. புள்ள ரெண்டு புக்கு வச்சாப் பிஞ்சிரும். ரிஜெக்ட்."

அந்த அவமானத்தில் அணுசக்தி இரண்டு வாரம் தலைமறைவானார். மூன்றாவது வாரம் அக்கா, பஸ் பிடித்து நேராக அவருடைய குடியிருப்பின் வாசலுக்கே போய்விட்டார். என்ன விஷயம் என்று காவலாளி இந்தியில் கேட்க, அக்காவும் இந்தியில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்: "உள்ளே இருக்கும் ஒருவர் வாராவாரம் எனக்குக் கைப்பட எழுதின காகிதம் கொடுப்பார். இரண்டு வாரமாகக் கொடுக்கவில்லை. வாங்கிப் போக வந்திருக்கிறேன்."

அணு விஞ்ஞானிகள் குடியிருக்கிற இடம். காவலாளி இடத்தைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஐந்தே நிமிஷத்தில் அணுசக்தி லுங்கியோடு வரவழைக்கப்பட்டார். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று நிரூபிக்க, கதாநாயகி கிணற்றடியில் அழும் கட்டத்தை மூன்று காவலாளிகள் முன்னால் இந்தியில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. முடித்ததும் மூத்த காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட கேள்வி, "பிறகு அந்தப் பெண் சம்மதித்தாளா?" என்பதுதான். அதற்குப் பிறகு அணுசக்தி ஒரு வாரமும் தவறவில்லை. காவலாளிகள் விடவில்லை என்பதுதான் உண்மை.

என் நிலைமை வேறு. எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு மேஜை. நான் எழுத்தாளன் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் அந்த மேஜை. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்து கட்டிலில் குப்புறப்படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டாள். "தீவாளி வரைக்கும் டைம். நாவல முடிச்சா மேஜ உங்களுக்கு. முடிக்கலன்னா புள்ளைக்கு. ஒம்பது வருஷமா ஒருத்தன் ஸ்டேஷன்ல நிக்கான், அவனுக்குக் காலு வலிக்காதா?"

அக்காவின் புண்ணியத்தில் செல்லத்துரை ஒருவழியாகத் தாதரை விட்டு நகர்ந்தான். தாராவிக்கு வந்தான், தண்ணீர்க் குழாயடியில் பாக்கியம் என்ற பெண்ணைப் பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சந்திப்பதாகச் சொன்னான். அங்கே நின்றுவிட்டது. கோயில் வாசலில் இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஆகஸ்ட் மழை, உள்ளே வெள்ளைக் காகிதம். சனிக்கிழமை மாலை வரை ஒரு வரி இல்லை.

அப்போதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. அக்காவுக்குத்தான் படிக்கத் தெரியாதே!

மனைவியின் சமையல் நோட்டை எடுத்து, சாம்பார் பொடி செய்யும் முறையை எட்டுப் பக்கத்துக்கு நெருக்கமான கையெழுத்தில் எழுதினேன். அக்கா தடவிப் பார்த்தார், வரியை எண்ணினார், "பிரசென்ட்" என்றார். அடுத்த வாரம் காலண்டரிலிருந்து ராசிபலன். அதற்கடுத்த வாரம் பிரஷர் குக்கரோடு வந்த தமிழ்க் கையேடு. ராத்திரி பகல் பார்க்காமல் பிரதி எடுத்ததில் விரலில் காய்ப்பு வந்ததுதான் மிச்சம். அந்த உழைப்பில் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கலாம் என்பது எனக்கும் தெரியும்.

மூன்றாவது வாரம் அக்கா நோட்டை மூடிக்கொண்டே சொன்னார். "தம்பி, வர்ற சனிக்கெழம மத்தியானம் பட்டறைக்கு வா. ஒன்னப் பாக்கணும்கான்."

"யாரு?"

"வா, சொல்லுதேன்."

போனேன். ரெக்ஸின் வாசம் மூக்கைத் துளைக்கும் ஒரு மாடி அறை. சாப்பாட்டு நேரம், மிஷின்கள் ஓய்ந்திருந்தன. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதினாலு பேர். நடுவில் கட்டிங் மாஸ்டர், கோவில்பட்டிக்காரர், ஊரில் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர். அவர் கையில் இருந்தது என் கையெழுத்து. மாமியின் கொலைகளையும் அணுசக்தியின் கண்ணீரையும் செல்லத்துரையின் கதையையும் சனிக்கிழமைதோறும் அவர் சத்தமாக வாசிப்பாராம். தமிழ் புரியாத நாலு உத்தரப்பிரதேசத்துக்காரர்களுக்குப் பக்கத்திலிருப்பவன் இந்தியில் சொல்வானாம். மால் வாங்கினால் கடையில் போட வேண்டாமா என்பது அக்காவின் நியாயம்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர் எழுந்து கை கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். செல்லத்துரை ஏன் ஒரு வாரமா சாம்பார் பொடி இடிக்கான்? கோயில் வாசல்ல அந்தப் புள்ள காத்துக்கிட்டுல்லா நிக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் முந்திக்கொண்டார். "நான்தான் சொன்னேம்லா? அவனுக்கு மசாலா மில்லுல வேல கெடச்சிருக்கு. லீவு குடுக்க மாட்டேங்கான்."

"அதுக்கடுத்து எட்டாமிடத்துல சனின்னு போட்டிருந்திய. அதக் கேட்டதுல இருந்து எங்களுக்குச் சோறு எறங்கல," என்றார் இன்னொருவர்.

"ஆனா போன வாரம் எழுதுனது இருக்கே!" கட்டிங் மாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "நீராவி முழுக்க அடங்குத வரைக்கும் மூடியத் தொறக்காதேன்னு. பாக்கியத்தோட அப்பா கோவம் தணியிற வரைக்கும் பொண்ணு கேட்டுப் போகாதேன்னு எவ்வளவு நாசூக்காச் சொல்லிட்டிய! நான் ரெண்டு தடவ வாசிச்சேன்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் இலக்கியப் பாராட்டு, பிரஷர் குக்கர் கையேட்டுக்கு. இவர்கள் எனக்காக, நான் எழுதாத அத்தியாயங்களையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். நானோ இவர்களை ஏமாற்றியிருந்தேன்.

படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அக்கா பேசினார். "தம்பி, எனக்குப் படிக்கத்தான் தெரியாது. சாம்பார் பொடி தெரியாதா?"

அவர் நீள நோட்டைப் பிரித்துக் காட்டினார். என் பெயருக்கு நேரே பிரசென்டும் ஆப்சென்டும் எல்லாம் பேனாவில். கடைசி மூன்று வாரம் மட்டும் பென்சில். பட்டறையில் வாசிக்கக் கேட்ட பிறகுதான் பென்சிலுக்கு மேல் பேனா ஓடுமாம்.

"அவனுவகிட்ட நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன். வாரம் பூரா அந்தப் பய கோயிலுக்குப் போவானா மாட்டானான்னு பேசிக்கிட்டே தைக்கானுவ. நீ அவன வெளிய கொண்டு வா. அப்பறம் பேனாவுல போடுதேன்."

அன்று மாலையே உட்கார்ந்தேன். மூட் வந்ததா என்று பார்க்கவில்லை. மசாலா மில், சனியின் பார்வை, நீராவி எல்லாவற்றையும் கதைக்குள் இழுத்துப் போட்டேன். மிளகாய் நெடியில் கண் சிவந்து, மூன்று வாரம் தாமதமாகக் கோயில் வாசலுக்கு வந்தான் செல்லத்துரை. பாக்கியம் கேட்ட முதல் கேள்வி எனக்குத் தானாக வந்தது: "இவ்வளவு நாளு எங்க போன?" அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கடைசி எட்டுப் பக்கத்தைக் கொடுத்தேன். அக்கா தடவிப் பார்க்கவில்லை, வரி எண்ணவில்லை. நோட்டைத் திறந்து அந்த மூன்று பென்சில் குறிகளின் மேல் பேனாவால் அழுத்தி எழுதினார். மாமி கைதட்ட, சர்வர் யாரும் கேட்காமலே எனக்கு ஒரு கேசரி வைத்துவிட்டுப் போனான்.

மேஜையைப் போராடி வென்றேன். வென்ற அன்றே மகளுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பிரிட்ஜ் மேல் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன், நன்றாகத்தான் வருகிறது.

பட்டறை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று போன வருடம் மிஷின்களையெல்லாம் வசாய்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அக்காவும் கூடவே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மேஜை காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இட்லி இறங்குவதில்லை. ஆனால் பத்து மணி அடித்தால் மூன்று பேர் போனிலும் ஒரே நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்து விழும். இரண்டே வார்த்தைதான். "மால் எங்க?"

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் கட்டிங் மாஸ்டருக்கு அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பார். மிஷின்கள் நின்றிருக்கும். அக்கா, நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த வாரம் எட்டுப் பக்கம் சரியாக இருக்கிறது, தையலும் நெருக்கம்தான். பேனாவில் போடுங்கள்.