ஒரு நிமிஷம் பாயும் உப்புப் பூனையும்

உலகத்திலேயே உட்காரத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் மரக்காணத்து 'ஒரு நிமிஷம்' பாய்தான். நாற்காலியைக் காட்டினால் அதன் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஆடாவிட்டால் ஆட்டிப் பார்ப்பார். பிறகு "ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன்" என்று சுத்தியல் எடுக்கப் போவார். அத்தோடு சரி. சுத்தியலும் வராது, அவரும் வரமாட்டார்.

சவரக் கடையில் பாதி முகத்தில் சோப்போடு "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனவர், அடுத்து ஷார்ஜாவிலிருந்துதான் போன் பண்ணினார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதை முழுசாக நம்பவில்லை. ஆனால் மீதிப் பாதியைச் சிரைக்க இன்னமும் காத்திருப்பதாக அந்தக் கடைக்காரரே என்னிடம் சொன்னார்.

2005 மழைக்காலத்தில் நான் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். உப்பு வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தா வேலை. மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாது. குவித்து வைத்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு, தை பிறக்கும்வரை ஆபீசில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த பாய் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தார். அடுத்த விசா வரும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். யாருக்கு எதைக் கொடுக்கிறோம் என்ற விவஸ்தையே கடவுளுக்குக் கிடையாது.

வந்த வாரமே வீட்டு ஃபேனையும் தண்ணீர் மோட்டாரையும் என் அறைக் கதவின் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். ஃபேன் மட்டும் திரும்ப மாட்டப்பட்டது. அதுவும் மேல்நோக்கிக் காற்று விட்டது. தாழ்ப்பாள் என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒரு நிமிஷம் சார்" என்றார். அன்றிலிருந்து கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

இவ்வளவு பரபரப்புக்கும் உள்ளே ஒரு காரணம் இருந்தது. அவர் மகள் ஷம்முவுக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையாக விட்டுப் போனவர், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறார். அவளுக்கு இவர் யாரோ ஒரு விருந்தாளி. "அம்மா, அவங்க குடைய எடுத்துட்டுப் போயிட்டாங்க." "அம்மா, அவங்க டீ கேக்கறாங்க." எல்லாம் 'அவங்க'தான். அப்பாவைக் கூப்பிடும் 'அத்தா' என்ற சொல் அவள் வாயில் வரவேயில்லை. ஆசையாக வாங்கி வந்த பேசும் பொம்மையும் அரபியில் பேசித் தொலைத்ததால், அதை பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள்.

"விசா வர்றதுக்குள்ள ஒரு தடவை 'அத்தா'ன்னு கூப்புட்டா போதும் சார்" என்றார் பாய் என்னிடம், மாடிப்படியில் நின்றபடி. அவர் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஷம்முவுக்குப் பூனை வளர்க்க ஆசை. அவள் அம்மா ஜைத்தூன் அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார். "பூனை வந்தா மீன் சட்டிய யாரு காவல் காக்கறது? ஏற்கெனவே ஒருத்தர மேய்க்கவே எனக்கு முடியல."

அதைக் கேட்டதும் பாய்க்கு மண்டையில் பல்ப் எரிந்தது. ஷார்ஜாவில் ஏசி ரிப்பேருக்குப் போன ஒரு வீட்டில், பிள்ளைகள் மேஜை நிறையக் குட்டிக் குட்டிச் சிப்பாய்களை நிறுத்தி, டேப் வைத்து அளந்து அளந்து நகர்த்தி விளையாடியதைப் பார்த்திருக்கிறார். சிப்பாய்க்குப் பதிலாக வீட்டில் வளர்க்கும் பிராணிகள் இருந்தால்? பூனை, முயல், ஆமை, லவ் பேர்ட்ஸ். கூடவே, அந்த அரபி வீட்டுக் கூண்டில் பார்த்த ஹாம்ஸ்டர்.

"அது இன்னாது?" என்றார் ஜைத்தூன் அக்கா.

"எலி மாதிரி இருக்கும். சக்கரத்துல ஓடிக்கினே இருக்கும். எங்கியும் போய்ச் சேராது."

"அதான் வீட்லயே ஒண்ணு இருக்குதே" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

பழைய கதவொன்றை இரண்டு டிரம் மேல் போட்டு மேஜையாக்கினார். அதன்மேல் சாக்பீஸால் பாத்தி, வாய்க்கால், ஒரு மூலையில் வீடு. அளத்தில் வழி தவறிய பிராணிகள் மழைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் ஆட்டம். பூனை ஆறு இஞ்ச் பாயும். ஆமை ஒரு இஞ்ச்தான், ஆனால் அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பகடையில் ஒன்று விழுந்தால், பலகை ஓரத்தில் சுருட்டி வைத்த நீல லுங்கியை ஒரு ஜாண் இழுப்பார். அதுதான் மழை.

சட்டதிட்டங்களை மாடிப்படிச் சுவரில் எழுதினார். காலையில் நான் இறங்கும்போது ஒரு சட்டம் இருக்கும், மாலையில் ஏறும்போது வேறொன்று. சோதனைக்கு என்னைத்தான் பிடித்து உட்கார வைப்பார். நான் உட்காருவேன். பாதி ஆட்டத்தில் "ஒரு நிமிஷம்" என்று அவர் போய்விடுவார். முயலை வைத்துக்கொண்டு நான் முழிப்பேன்.

இதெல்லாம் சரி. பிராணிகளை எதில் செய்தார் என்கிறீர்கள்? உப்பில். அளத்திலிருந்து கெட்டிக் கட்டிகளாகப் பொறுக்கி வந்து, அரத்தால் ராவி ராவி, மீசை முதற்கொண்டு அத்தனை அழகாகச் செய்திருந்தார். மரக்காணத்தில் பிறந்த மனுஷன் மழைக்காலத்தில் உப்பில் பொம்மை செய்வானா? இத்தனை வருஷம் ஏசியிலேயே இருந்தவருக்கு, ஊரில் உப்பு வேர்க்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை பூனைக்குக் காது இல்லை. முயல் கரைந்து ஹாம்ஸ்டர் ஆகியிருந்தது. ஹாம்ஸ்டர் எதுவாகவும் இல்லை.

கதவோரம் நின்று பார்த்த ஷம்மு, "அம்மா, அவங்க பூனைக்குக் காது போயிடுச்சு" என்றாள். பாய் அசரவில்லை. உடனே சுவரில் புதுச் சட்டம் எழுதினார். காதில்லாத பூனைக்கு இடி சத்தம் கேட்காது, ஆகவே அது பயப்படாது. ஷம்மு அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று மத்தியானம் மேஜையில் ஒரு பிராணியையும் காணோம். உப்பு டப்பாவில் ஈரம் இழுக்க அம்மா அரிசி போடுவதைப் பார்த்திருந்த ஷம்மு, யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருந்தாள். அக்கா படியால் அரிசி அள்ளி உலையில் போட்டிருந்தார். சோறு வாயில் வைக்க முடியாமல் கரித்தது.

"ஆமையக் காணோம்" என்றாள் ஷம்மு, டிரம்மைத் துழாவியபடி. எல்லோரும் தட்டைப் பார்த்தோம். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அதற்குள் பாய் "ஒரு நிமிஷம்" என்று எழுந்துவிட்டார்.

போச்சு, இனி விசா வந்தபிறகுதான் ஆளைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் வந்தார். குழாய் ஓட்டை அடைக்கிற பசைமாவை வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்து வந்தார். அன்று சாயங்காலம் முழுக்க அப்பனும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஆமை பிசைந்தார்கள். அவள் ஓடு பெரிசாக வேண்டும் என்றாள், பெரிசாக்கினார். பூனைக்குக் காது வைக்கப் போனபோது வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் ஆட்டம்தான். ஒருநாள் அவள் பகடையைக் குனிந்து தேடுகிற நேரத்தில், பாய் தன் பூனையைச் சுண்டுவிரலால் லேசாகத் தள்ளினார். நான் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அழுவுணி ஆட்டம் ஆடாதீங்க அத்தா. எடுங்க கைய."

பாய் கையை எடுத்தார். "ஒரு நிமிஷம்மா" என்று கொல்லைப்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சொன்னபடி ஒரே நிமிஷத்தில், முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். அவர் சரித்திரத்திலேயே அது ஒரு தடவைதான்.

விசா பொங்கலுக்குப் பிறகு வந்தது. அவர் கிளம்பும்போது ஆட்டம் பாதியில் நின்றது. மேஜையை யாரும் தொடக்கூடாது என்று ஷம்மு உத்தரவு போட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுகை முடிந்து பாய் போன் பண்ணுவார். "சார், என் பூனைய வாய்க்கா ஓரமா நாலு இஞ்ச் தள்ளுங்க." நான் டேப் வைத்துத் தள்ளுவேன். பிறகு ஷம்முவின் முறை. அவள் மேஜைமேல் மோவாயை வைத்துக்கொண்டு ஆமையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. "சீக்கிரம் ஆடு ஷம்மு, அத்தாவுக்கு போன் கார்டு தீந்துடும்."

"ஒரு நிமிஷம்" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

எதிர்முனையில் சத்தமே இல்லை. சுத்தியல் எடுக்கப் போய்விட்டார் போல என்று நினைத்து, "பாய், லைன்ல இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன் சார். அது நிதானமா யோசிக்கட்டும். நான் உக்காந்துக்கினுதான் இருக்கேன்."

அந்த ஊரை விட்டு வரும்வரை என் கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டினேன். தாழ்ப்பாளுக்கு வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசே வரவில்லை.