மூடாத டேக்

"என்னம்மா இது? ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் மாதிரி நிக்குது!"

பல் மருத்துவமனையின் நிர்வாகி, வரவேற்பு மேசைப் பெண்ணை அறைக்குள் கூப்பிட்டுக் கணினித் திரையைக் காட்டினார். முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் மேதாவி. வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியையும், அதில் போடும் 'டேக்' என்ற குறிகளையும் பற்றி யாரோ பேசியதை ஒருமுறை காதில் வாங்கியிருந்தார். அந்தத் தைரியத்தில், "நம்ம ஆஸ்பத்திரிக்கு வெப் பக்கமா? நாலு டேக் போட்டா வந்துடும்" என்று மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மாவிடம் காலையில் அளந்துவிட்டிருந்தார்.

"அப்ப இன்னிக்கே பண்ணிடுங்க. முடியற வரைக்கும் ரூமை விட்டு வெளிய வராதீங்க, கவனம் சிதறும்" என்றார் டாக்டரம்மா.

புதுக் கிளைக்கு மேனேஜர் தேவை. இதை முடித்தால் அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மேதாவி மனக்கோட்டை கட்டினார். சகலைக்குக்கூட போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. இனி கிடைக்காவிட்டால் மானம் போய்விடும்.

"சார், தலைப்பு டேக்கைத் திறந்தீங்க, மூடலையே. கடைசியில சாய்கோடு போட்டு மூடணும். இல்லேன்னா பக்கம் முழுக்கத் தலைப்புன்னு நினைச்சுக்கும்" என்றாள் வரவேற்பு மேசைப் பெண், திரையைப் பார்த்துவிட்டு.

மேதாவிக்குச் சுருக்கென்றது. அலமாரியோ, இழுப்பறையோ, தண்ணீர்க் குழாயோ, அவர் திறப்பதோடு சரி. மூடுவதற்கு ஆள் வேறு.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? எங்க முடியுதுன்னு கம்ப்யூட்டருக்கே தெரியும். நீ போய் போனை எடு."

அவள் போனாள். மேதாவி எழுத்தைச் சிறிதாக்கும் டேக்கைத் தேடிப் பிடித்துத் திறந்தார். போதவில்லை. கோபத்தில் அதையே ஆறு தடவை திறந்தார். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது.

சரி, அதை அப்புறம் பார்க்கலாம். பழைய நோட்டீஸைப் பார்த்து அடித்ததில் வந்துவிட்ட 'ஞாயிறு விடுமுறை' என்ற வரியைக் குறுக்குக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அதற்கான டேக்கைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை அடிபட்டது. கூடவே டாக்டரம்மாவின் பெயர், பட்டம், முகவரி, தொலைபேசி எண் எல்லாமே அடிபட்டன.

வரவேற்பு மேசைக்கு போன் போட்டார். "டாக்டரம்மா பேர் மேலயே கோடு விழுதும்மா! வைரஸா இருக்குமோ?"

"டேக்கை மூடினீங்களா சார்?"

"போனை வை!"

வரிகளை மறைப்பதற்கென்றே ஒரு குறி இருப்பதை இணையத்தில் படித்தார். பிரச்சினையே அந்த ஞாயிறு வரிதான், அதை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்று அதற்கு முன்னால் குறியைத் திறந்து வைத்தார். அதையும் மூடவில்லை. அந்த வரியிலிருந்து கீழே இருந்த அத்தனையும் காணாமல் போயின. காலையிலிருந்து பாடுபட்டதற்கு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு தலைப்பு மட்டும் மிச்சம்.

மேதாவி திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், தன்மானத்தை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி போனை எடுத்தார். அந்தச் சாய்கோடு எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டுவிடுவதாக முடிவு. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"வேலை நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சா அவ?"

கதவைத் திறந்துகொண்டு, கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"புதுக் கிளை மேனேஜர் இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சு, நம்ம ரிசப்ஷன் பொண்ணுக்கே வேலை கிடைச்சிருச்சு சார், இனிமே நீங்க தாராளமா வெளிய வரலாம்னு டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க."