கை முளைத்த தொப்பி

தொப்பிக்குக் கை முளைத்திருந்தது.

மன்னூபியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் கோளாறு இல்லை. உச்சியில் குறுக்கிக் குறுக்கி மூடியிருக்க வேண்டிய தொப்பி, மூடாமல் நீண்டு, ஒரு முழத்துக்கு அழகான கையாக இறங்கியிருந்தது. மணிக்கட்டில் பட்டி வேறு.

பயந்துகொண்டே பக்கத்துப் பையிலிருந்து மாப்பிள்ளையின் ஸ்வெட்டரை எடுத்தாள். அதன் இடது கை முழங்கையோடு கூம்பாக மூடிக் கிடந்தது. உள்பக்கம் பச்சை நூல் முடிச்சுகூடப் போட்டாகிவிட்டது.

"நேத்து டிவி தொடர்ல அந்த மூத்தவ வீட்டை விட்டுப் போனாளே, அப்பதான் பை மாறியிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மன்னூபியா.

மகள் ஸிரீன் நின்றபடியே காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கும்.

"பரவால்லம்மா. நிஸாருக்கு ஒத்தைக் கையால வண்டி ஓட்ட நான் கத்துக் கொடுத்துடறேன்."

"சிரி, நல்லா சிரி. மதியம் திராக்கி வந்து ஆறு தொப்பி எங்கேன்னு நிப்பா. அப்பவும் சிரி."

அவர்கள் ஊரான அரியானாவில் பாதிப் பெண்களுக்குத் தொப்பிதான் பிழைப்பு. செஷியா என்ற சிவப்புக் கம்பளித் தொப்பியாகக் கடைக்குப் போகுமுன், அது வெள்ளை நூலில், தலையில் மாட்டினால் தோள் வரை இறங்குகிற பெரிய பையாக இவர்கள் கையில் பிறக்கும். வெந்நீரில் அடித்துச் சுருக்குவதும் சாயம் போடுவதும் வேறு ஆட்கள் வேலை. நூல் கொண்டுவந்து கொடுத்து, பின்னியதை வாங்கிப்போகிறவள் திராக்கி. அவளிடம் பின்னும் பெண்கள் பதினொரு பேர். யார் தொப்பி எது என்று தெரிய ஆளுக்கொரு நிற நூல். மன்னூபியாவுடையது பச்சை. இருபது வருடமாக எதைப் பின்னி முடித்தாலும் அவள் கை தானாகப் பச்சை நூலைத் தேடிப்போய் ஒரு முடிச்சுப் போட்டுவிடும்.

தொப்பி மட்டும் என்றால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மற்றதெல்லாம் அவளே வாயால் வரவழைத்துக்கொண்டது.

மூன்று மாதம் முன்பு லா மர்ஸாவிலிருந்து பஹீஜா அம்மாள் ஸிரீனைத் தன் மகன் நிஸாருக்குக் கேட்டு வந்தாள். ஊரெல்லாம் சுற்றும் திராக்கிதான் வீட்டுக்கு வழி சொன்னது. பஹீஜா காப்பியைக்கூடத் தொடாமல் மேசை விரிப்பின் மூலையைப் புரட்டிப் பார்த்தாள். கொக்கியால் பின்னும் குரோஷா வேலை. "மாஷா அல்லா, யார் கை இது?" என்றாள்.

"எல்லாம் என் பொண்ணு கைதான்" என்று மன்னூபியா சொன்னாள்.

காப்பித் தட்டோடு வந்த ஸிரீன் வாசல்படியில் பிரேக் போட்டாள். ஊசியில் நூல் கோக்கவும் தெரியாத பெண் அவள். பஹீஜா ஒரு நொடி மன்னூபியாவைப் பார்த்தாள், பிறகு விரிப்பைப் பார்த்தாள். "அப்படியா! கண்ணுக்குக் கண்ணா வச்சுக்குவேன் இவளை" என்றாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. முதலில் பஹீஜாவுக்கு ஒரு சால்வை. பிறகு நிஸாருக்கு ஸ்வெட்டர். கர்ப்பிணி மகள் உல்ஃபாவுக்குக் குழந்தைக் காலுறை, குல்லாய், சட்டை. கட்டிலுக்கு நூற்றிருபது சதுரம் சேர்த்த போர்வை. இப்போது இன்னொரு சால்வை. ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மாள் ஒரு பை நூலோடு வந்து, "ஸிரீன் கண்ணு கைப்பட்டா எனக்கு அதுவே போதும்" என்று உருகிவிட்டுப் போவாள்.

ஆக, அந்த வீட்டுக் கதவுக்கு இரண்டு சட்டம். உள்ளங்கையால் கதவை அறைந்தால் திராக்கி: தொப்பி தவிர எல்லாம் ஒளிய வேண்டும். பார்த்தால், அவள் வாய் சாயங்காலத்துக்குள் லா மர்ஸா போய்ச் சேர்ந்துவிடும். மணியை ஒரே ஒரு தடவை மரியாதையாக அழுத்தினால் பஹீஜா: எல்லாம் ஸிரீன் மடிக்கு மாற வேண்டும்.

மதியம் கதவு அறைபட்டது.

சால்வை குஸ்குஸ் பானைக்குள் போனது. போர்வையைக் கணவர் ஷாதுலி நாற்காலியில் திணித்து அவரை மேலே உட்காரவைத்தாள். "எழுந்திருச்சீங்க, அவ்வளவுதான்."

"அவசரமா போக வேண்டியிருந்தா?"

"அடக்கிக்குங்க."

திராக்கி உள்ளே வந்தாள். போன பெருநாளுக்கு மன்னூபியா பின்னிக்கொடுத்த கையில்லாத பழுப்பு ஸ்வெட்டர்தான் மேலே. வெயில் கொளுத்தினாலும் அதைக் கழற்றமாட்டாள். தொப்பிகளை எண்ணினாள்.

"அஞ்சுதான் இருக்கு. ஆறாவது எங்கடி?"

"மணிக்கட்டு வலி அக்கா. ஊசியைப் பிடிக்க முடியல." மன்னூபியாவுக்கு வாயில் முதலில் வந்தது இதுதான்.

"பச்சைக்கே கை வலியா!" திராக்கி பதறிப்போனாள். அவள் கணக்கில் பின்னுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, நிறம்தான். "எண்ணெய் கொண்டா."

ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சி அவள் தேய்த்த தேய்ப்பில் நன்றாக இருந்த மணிக்கட்டு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. துணியால் இறுக்கிக் கட்டினாள். "ஞாயித்துக்கிழமை வந்து ஆறாவதை வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் போனாள்.

சாயங்காலம் லா மர்ஸாவிலிருந்து போன் வந்தது.

"சம்பந்தி! கைக்கு என்ன? திராக்கி சொன்னதும் துடிச்சுப் போயிட்டேன். பாத்திரம் தேய்க்காதீங்க. பாரம் தூக்காதீங்க. பச்சைத் தண்ணியில கையே வைக்காதீங்க!"

பெற்ற தாய்கூட இப்படி விசாரித்ததில்லை. மன்னூபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்குறேன். உல்ஃபாவும் வர்றா. சால்வை ஓரத்துக்கு ஸிரீன் போடுற சிப்பிப் பின்னலை உக்காந்து கத்துக்கணுமாம்."

கண் உடனே காய்ந்துவிட்டது.

இரண்டு நாள் வீட்டில் பாடம் நடந்தது. "நூலை விரல்ல சுத்து. கொக்கியை உள்ள விடு. இழு. அவ்வளவுதான், குழந்தைகூடப் போடும்" என்றாள் மன்னூபியா. ஸிரீன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சதுரம் போட்டாள். அதற்கு மூன்று மூலைதான் இருந்தது.

"அடுப்புல சட்டி இறக்க வச்சுக்கலாம்" என்றார் ஷாதுலி.

"அம்மா, பேசாம என் கைக்கும் ஒரு கட்டுப் போட்டுடலாம். பாடத்துக்கு வந்தவன் சுவத்துல மோதிட்டான்னு சொல்லிடலாம்."

"உங்கம்மா கையில கட்டு, உன் கையில கட்டு. அப்ப இந்தக் காலுறையெல்லாம் யாரு பின்னுனது, நானா?"

மன்னூபியா கணவரைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தாள்.

"ஏய், அப்படிப் பாக்காத" என்று அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஸிரீன் கொக்கியைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்லிடலாம்மா. நிஸார்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்ட. நான் எத்தனை நாள்தான் அவர்கிட்ட நூல் கதை பேசறது?"

"போன வருஷம் உன்னைக் கேட்டு வந்தவங்ககிட்ட உண்மையைத்தான் சொன்னோம். அந்தப் பையனோட அம்மா என்ன சொல்லிட்டுப் போனா? நாள் முழுக்க வண்டியில சுத்துறவ எப்ப குடும்பம் நடத்துவான்னு கேட்டா. நீ ரெண்டு மாசம் யார்கிட்டயும் பேசாம இருந்த."

ஸிரீன் கொக்கியை மறுபடி கையில் எடுத்தாள். நிஸாரை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அது மன்னூபியாவுக்கும் தெரியும். தன் ஒரு பொய்யால் இந்த இடமும் போய்விட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சால்வையை முக்கால்வாசி முடித்து ஸிரீன் மடியில் போட்டுவிடுவது. அவள் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பின்னக் கூடாது. உல்ஃபா ஏதாவது கேட்டால், 'பாத்துக்கிட்டே இருங்க, தானா வரும்' என்று சொல்ல வேண்டும்.

"இதைத்தான் நான் கிளட்ச்சுக்குச் சொல்லுவேன்" என்றாள் ஸிரீன்.

ஞாயிறன்று மணி ஒரு தடவை மரியாதையாக அடித்தது. பஹீஜா, ஏழு மாத வயிற்றோடு உல்ஃபா, ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பு, கூடவே இரண்டு பை புது நூல். பஹீஜா வந்ததும் மகளாகப் போகிறவளைப் பார்க்கவில்லை. மன்னூபியாவின் கட்டுப்போட்ட கையைத்தான் எடுத்து மடியில் வைத்துத் தடவினாள்.

பைன் கொட்டை மிதக்கும் டீ வந்தது. ஸிரீன் கொக்கியை ஆட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் ஆட்டினாள். பிறகு கொக்கி எங்கோ மாட்டியது. விடுவிக்க இழுத்தாள். ஒரு சிப்பி வாயைத் திறந்தது. இன்னொரு இழுப்பு, இன்னும் மூன்று சிப்பி. பயத்தில் அவள் வேகத்தைக் கூட்ட, ஒரு வரிசையே கலகலவென்று மடியில் உதிர்ந்தது.

"அண்ணி," என்றாள் உல்ஃபா, "நீங்க பின்னுறீங்களா, அவுக்குறீங்களா?"

"அந்த வரிசை எனக்குப் பிடிக்கல. ரிவர்ஸ் எடுக்கறேன்."

"ரொம்ப தூரம் எடுக்கறீங்களே?"

இரண்டாவது வரிசையும் போனது. பஹீஜா டீயைக் குடிக்காமல் உதிரும் சால்வையையே பார்த்தாள். முகத்தில் பல்வலிக்காரியின் வேதனை. மன்னூபியாவின் கை கட்டுக்குள் துடித்தது.

"சம்பந்தி," என்றாள் பஹீஜா மெதுவாக, "உங்க கை கொஞ்சம் தேவலைன்னா, அதை ஒரு தடவை..."

அவள் முடிக்குமுன் கதவு அறைபட்டது.

ஸிரீன் அம்மாவைப் பார்த்தாள். சட்டப்படி திராக்கி வந்தால் சால்வை ஒளிய வேண்டும். சட்டப்படி பஹீஜா இருந்தால் சால்வை ஸிரீன் மடியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் சட்டம் எழுதவில்லை. அவள் சால்வையை மடியில் வைத்து அதன் மேல் குஷனை வைத்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

திராக்கி உள்ளே வந்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னாள். "ஆஹா, பெரிய வீட்டு ஆளுங்களும் இருக்காங்க. நான் நிக்கல. ஆறாவது தொப்பியைக் கொடுத்துடு, போயிடறேன்."

"ஸிரீன், சமையலறைக் கதவுக்குப் பின்னாடி பை!"

கதவுக்குப் பின்னால் இரண்டு பைகள் தொங்கின. ஸிரீன் ஒரு கையால் சால்வையோடு குஷனை அணைத்துப் பிடித்துக்கொண்டு மற்ற கைக்கு அகப்பட்டதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

திராக்கி கையை விட்டு வெளியே இழுத்தாள். இழுத்தாள். இன்னும் இழுத்தாள். தொப்பி முடிந்து கை வந்தது, கை முடிந்து பட்டி வந்தது.

"என்னடி இது? இதை மாட்டிக்கிட்டு எவன் தும்பிக்கையை ஆட்டப்போறான்?"

"அது ஸ்வெட்டர் கை மாதிரியே இருக்கு" என்றாள் உல்ஃபா. "என் குழந்தைச் சட்டையில இருக்கிற அதே பின்னல்."

குஷன் நழுவிக் கீழே விழுந்தது. ஸிரீன் காலடியில் பாதிச் சால்வையும் மீதி நூலும் கிடந்தன.

மன்னூபியாவுக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. கட்டைப் பிரித்துத் தூக்கிப்போட்டாள்.

"என் கைக்கு ஒண்ணுமில்ல. நான் பொய் சொன்னேன் சம்பந்தி, முதல் நாள்ல இருந்து பொய். என் பொண்ணுக்குக் கொக்கியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னுகூடத் தெரியாது. விரிப்பு, சால்வை, காலுறை, போர்வை, எல்லாம் நான்தான். பொண்ணைக் கெட்டிக்காரின்னு காட்டத்தான் அப்படிச் சொன்னேன். என்னை எப்படி வேணாலும் பேசுங்க. அவ மேல தப்பில்ல. அவளை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். ஸிரீன் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பஹீஜா கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்துகொண்டே வந்து, டீயில் மிதக்கும் பைன் கொட்டைகளைக் கரண்டியால் துரத்திக்கொண்டிருந்தாள்.

திராக்கி இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை.

"பொண்ணு பின்னுவாளான்னு இங்க யாருடி கேட்டது?"

"திராக்கி," என்றாள் பஹீஜா அவசரமாக, "உக்காந்து ஒரு மக்ரூத் சாப்பிடுங்க."

"இருங்கம்மா, இவ சும்மா சும்மா அழுவுறா." திராக்கி தன் பழுப்பு ஸ்வெட்டரின் ஓரத்தைப் புரட்டி, உள்ளே இருந்த பச்சை முடிச்சை மன்னூபியா மூக்குக்கு நேரே நீட்டினாள். "பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடி மர்ஸா சந்தையில இந்தம்மா என்னை நிறுத்தி, இதை இப்படித்தான் புரட்டிப் பாத்தாங்க. பாத்துட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: 'இந்தப் பச்சை நூல்காரிக்குக் கல்யாண வயசுல பொண்ணு யாராச்சும் இருக்காளா?'"