இப்பக்கம் உபயம்: ஐஸ் பேக்டரி அண்ணன்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். நாங்களும் எல்லாத் தப்பையும் செய்வோம். செய்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராயபுரத்தில் எங்கள் தெரு கேரம் மன்றம் ஆண்டு மலர் போட முடிவு செய்தது. பி.காம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னை அதற்கு ஆசிரியர் ஆக்கினார்கள். (தெருவில் வெட்டியாக இருந்தவன் நான் ஒருவன்தான்.) விளம்பரம் வந்தது, வாழ்த்துச் செய்தி வந்தது, படிக்கத்தான் ஒன்றும் வரவில்லை. அப்போது இணையத்தில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. திருவொற்றியூரைச் சேர்ந்த கலையரசி என்பவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி இறந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்துக்கொண்டே அப்படியே காப்பி எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். எழுதியவர் பெயரைப் போட்டால் போதும், அனுமதி எல்லாம் பெரிய பத்திரிகைக்காரர்கள் சமாசாரம் என்பது அன்றைய என் சட்ட ஞானம்.

அந்தப் பெயரையாவது போட்டேனா? எங்கள் பக்கம் கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கித் தந்தாலும் ‘உபயம் இன்னார்’ என்று அதில் எழுதியாக வேண்டும். மலரிலும் பக்கத்துக்கு ஓர் உபயதாரர். இந்தப் பக்கம் காசிமேட்டு ஐஸ் பேக்டரி பாஸ்கர் அண்ணனுக்குப் போனது. அவர் படம் சின்னதாக வந்தால் தொலைந்தோம் என்ற பயத்தில், ப்ரூஃபில் நான் படத்தை மட்டுமே பார்த்தேன். இடம் போதவில்லை என்று அச்சகத்தில் கலையரசியின் பெயரைத் தூக்கியிருந்தார்கள். கட்டுரை நடுவில் கூலிங்கிளாஸோடு அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயர்.

மலர் வெளியானதும் அண்ணன் எழுத்தாளர் ஆகிவிட்டார். மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் கண் கலங்கிக் கை கொடுத்தார்கள். அண்ணனும் மறுக்கவில்லை. (அவருடைய அப்பா அப்போது பேக்டரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.)

மலரில் பெருமையாக என் போன் நம்பரைப் போட்டிருந்தேன். மலர் திருவொற்றியூர் வரை போயிருந்தது; அந்த நம்பருக்குக் கலையரசி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன். பாதியில் சட்டப் படிப்பை விட்ட என் சிநேகிதன் சேகரிடம் ஓடினேன்.

“மாமு, இது காப்பிரைட் கேஸு. பேரு போட்டிருந்தாலும் பர்மிசன் வோணும். உள்ள தூக்கி வெச்சிருவாங்கோ,” என்றான்.

உள்ளே போவதைக்கூட விடுங்கள். துறைமுகத்தில் எனக்கு ஒரு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போலீஸ் விசாரணையில் சுத்தம் என்று வந்தால்தான் கேட் பாஸ். பாஸ் இருந்தால்தான் வேலை. வீட்டில் எல்லோரும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரே ஒரு புகார் போதும், எல்லாம் போச்சு. தெருவில் புல்லட் பைக் சத்தம் கேட்டால், போலீஸ்தான் என்று பாத்ரூமுக்குள் ஓடினேன். வயிறு சரியில்லை என்று நினைத்து அம்மா மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கலையரசி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மலரை மடியில் விரித்தார்.

“இது எங்கப்பாவப் பத்தி எழுதினது. எங்க வூட்ல அவரு போட்டோ ஒண்ணுகூட கெடையாது. நடுவுல சிரிச்சிகினு கீறாரே, இவரு யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் புல்லட் சத்தம். என் பாஸ் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். பாத்ரூமுக்குப் போகும் வழியை மறித்துக் கலையரசி உட்கார்ந்திருந்தார்.

கான்ஸ்டபிள் என் பேர், விலாசம் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து, கலையரசி பக்கம் திரும்பினார்.

“பையன் எப்டிம்மா? இவன் மேல எதுனா புகார் கீதா?”

எனக்கு மோர் கொண்டுவந்த அம்மா டம்ளரை மேஜை மேல் வைத்தாள். கலையரசி என்னைப் பார்த்தார், மலரைப் பார்த்தார்.

“கீது சார். அத்த நானே பாத்துக்கறேன். நீங்க எழுதிக்காதீங்க.”

கான்ஸ்டபிள் சிரித்தார். என் மோரையும் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புதான்க்கா, கேட்டிருந்தா நீங்களே குடுத்திருப்பீங்க என்று உளறினேன்.

“குடுத்திருக்க மாட்டேன். அதுக்குத்தான் கேக்கணும்,” என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: வீடு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்கி வர வேண்டும். வாங்கினேன். பஜ்ஜிக் கடைக்குப் போனதைக்கூட எண்ணெயோடு மீட்டேன். கடைசியாக ஐஸ் பேக்டரி. அண்ணன் லேமினேட் செய்து கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார். என்ன செய்வாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ நான் எழுதலியா நைனா?” என்றார், நிஜமான வருத்தத்தோடு.

பாஸ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. அண்ணனைக் காசிமேட்டில் இன்றைக்கும் எழுத்தாளர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நான் யார் தட்டுப் பக்கம் கை நீட்டினாலும், “கேட்டாச்சா?” என்பாள் என் மனைவி. போன வாரம் மகள் தட்டில் கடைசி வஞ்சிரத் துண்டு இருந்தது. முறைப்படி கேட்டேன்.

“குடுக்க மாட்டேன்பா,” என்றாள்.

என் அம்மா பழையபடி என் சோற்றில் மோரை ஊற்றினாள்.